வெப்பச்சலன அடுப்பு

வெப்பச்சலன அடுப்பு என்பது சூடான காற்றை விசிறியின் மூலம் சுழலச் செய்து உணவை வேகவைக்கும் மின்கருவி ஆகும். மேசை மீது வைக்கத்தக்க சிறிய வகை, வீடுகளில் கேக், ரொட்டி, பிஸ்கட் முதலியவற்றை வெதுப்பப் பயன்படுகிறது. தமிழ்நாட்டுக் கடைகளில் இது ஓவன் அல்லது ஓ.டி.ஜி. என்று அழைக்கப்படுகிறது. இலங்கையில் வெதுப்பும் அடுப்பைப் போறணை என்பர். சமவெளிக்கென எழுதப்பட்ட செய்முறைகள் ஏற்காடு போன்ற மலையூர்களில் அப்படியே பொருந்துவதில்லை.

இயங்கும் முறை

விசிறி இல்லாத அடுப்பில் உணவைச் சுற்றி அசைவு குறைந்த காற்றுப் படலம் ஒன்று தங்கி, வெப்பம் உட்செல்வதைத் தாமதப்படுத்தும். விசிறி இப்படலத்தைக் கலைப்பதால் வெப்பம் விரைவாகவும் சீராகவும் பரவுகிறது. எனவே சாதாரண அடுப்புக்குக் கூறப்பட்ட வெப்பநிலையை விட ஏறத்தாழ 20 பாகை செல்சியஸ் குறைத்து வைப்பது வழக்கம். இதே காற்றோட்டம் உணவின் மேற்பரப்பை விரைவில் உலர்த்தவும் செய்யும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

ஓ.டி.ஜி. என்று விற்கப்படும் அனைத்திலும் விசிறி இருப்பதில்லை. இறைச்சி கோத்த கம்பியைச் சுழற்றும் மோட்டார் வேறு. காற்றைச் சுழற்றும் விசிறி வேறு. தட்டுக்கும் உட்சுவருக்கும் இடையே காற்று செல்ல இடைவெளி தேவை என்பதால், பயன்படுத்தவிருக்கும் தட்டின் அளவை அறிந்து அடுப்பைத் தெரிவு செய்தல் நன்று.

1500 வாட் திறன் கொண்ட அடுப்பு 230 வோல்ட்டில் சுமார் 6.5 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். ஆகவே 6 ஆம்பியர் பொருத்துவாய் போதாது. நில இணைப்புள்ள 16 ஆம்பியர் பொருத்துவாய் தேவை. மின்னழுத்தம் 200 வோல்ட்டாகக் குறைந்தால் வெப்பத்திறன் ஏறத்தாழ முக்கால் பங்காகிவிடும். அடுப்பு சூடேறக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

முதற் பயன்பாடு

உள்ளிருக்கும் அட்டை, நெகிழித் தாள் ஆகியவற்றை முழுமையாக அகற்ற வேண்டும். தட்டையும் கம்பி வலையையும் சோப்பு நீரில் கழுவி உலர்த்த வேண்டும். பின்னர் சன்னல்களைத் திறந்து வைத்து, வெற்று அடுப்பை அதன் கையேடு கூறும் வெப்பநிலையில் சுமார் 15 முதல் 20 நிமிடம் இயக்க வேண்டும். வெப்பக் கம்பிகளின் மேல் உள்ள காப்பு எண்ணெய் எரிவதால் அப்போது சிறிது புகையும் நெடியும் எழும். இது இயல்பானது. அடுத்து, கம்பி வலை முழுவதும் ரொட்டித் துண்டுகளைப் பரப்பிச் சுட்டால், எப்பகுதி அதிகம் சூடாகிறது என்பது அவற்றின் நிறத்திலிருந்து தெரியும்.

மலையூர்களில் பயன்பாடு

சேலம் மாவட்டத்தின் சேர்வராயன் மலையில் உள்ள ஏற்காடு, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. இவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்ட அழுத்தத்தில் ஆறில் ஐந்து பங்கு அளவே இருக்கும். மலையடிவாரத்துச் சேலம் நகரில் சுமார் 99 பாகையில் கொதிக்கும் நீர், ஏற்காட்டில் சுமார் 95 பாகையிலேயே கொதிக்கும்.

இதனால் கேக் மாவில் இரு விளைவுகள் ஏற்படுகின்றன. மாவிலுள்ள வளிமக் குமிழ்கள் கூடுதலாக விரிவதால், மாவு இறுகும் முன்பே கேக் உப்பிப் பின் நடுவில் அமிழ்ந்துவிடும். நீர் எளிதில் ஆவியாவதால் கேக் உலர்ந்தும் போகும். எனவே பேக்கிங் பவுடரைக் கால் பங்கு வரை குறைத்து, நீர் அல்லது பாலைச் சற்றுக் கூட்டுவர். மாவு விரைவில் இறுகுவதற்காக வெப்பநிலையைச் சுமார் 10 பாகை உயர்த்துவதும் உண்டு.

விசிறிக்கான திருத்தமும் உயரத்திற்கான திருத்தமும் எதிரெதிரானவை என்பது இங்கு கருதத்தக்கது. சாதாரண அடுப்பில் 180 பாகை எனக் குறித்த செய்முறை, சமவெளியில் விசிறி அடுப்புக்கு 160 பாகையாகிறது. ஏற்காட்டில் அதே அடுப்புக்கு 170 பாகை பொருத்தமான தொடக்கமாகும். காற்றோட்டம், உயரம் ஆகிய இரண்டும் ஈரத்தைக் குறைப்பதால், செய்முறையில் கூறிய நேரத்திற்குச் சில நிமிடங்கள் முன்னதாகவே கேக்கின் நடுவில் குச்சியால் குத்திப் பார்ப்பது நன்று. குச்சியில் மாவு ஒட்டாவிடில் கேக் வெந்துவிட்டதாகக் கொள்ளலாம்.