முன்னாள் படைவீரர்கள் காட்டிய வழி

“தலைவலி இல்லை, மயக்கமும் இல்லை, பிறகு எதற்கு இந்த மாத்திரை?” இரத்த அழுத்தத்திற்காக எங்களிடம் வரும் பலரும் இக்கேள்வியைக் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். இதற்கான விடையை அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்கள் சிலர், அறுபது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வில் பங்கேற்று நமக்குத் தந்தனர்.

அக்காலத்தில் மருத்துவர்களிடையேகூட இதில் ஒருமித்த கருத்து இல்லை. உயர் அழுத்தம் முதுமையின் இயல்பு என்றும், அதைக் குறைப்பதே தீங்கு என்றும் கருதியவர்கள் இருந்தனர். படைவீரர் மருத்துவமனைகள் பல நகரங்களில் ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்கின. ஒரே நோயாளி ஆண்டுக்கணக்கில் அங்கேயே வந்துபோனார். ஆகவே, மருத்துவர் எட்வர்ட் ஃப்ரீஸ் தலைமையில் பல மருத்துவமனைகள் இணைந்து ஆய்வு நடத்த முடிந்தது.

ஆய்வு நடந்த முறை

தொடக்கத்தில் ஒவ்வொருவரும் மாத்திரையை ஒழுங்காக உட்கொள்கிறாரா என்று பார்த்தனர். மீதமிருந்த மாத்திரைகளை எண்ணினர். மாத்திரையில் கலந்திருந்த வைட்டமின் சிறுநீரில் ஒளிர்கிறதா என்றும் சோதித்தனர். தேறியவர்களில் ஒரு பிரிவினருக்கு மருந்தும், மறு பிரிவினருக்கு மருந்தற்ற மாத்திரையும் கொடுத்தனர். அளிக்கப்பட்ட மருந்துகளில் ஒன்றான ரெசர்பின், இந்திய மருத்துவம் நெடுங்காலமாக அறிந்த சர்ப்பகந்தா வேரிலிருந்து கிடைத்தது.

1967இல் முதல் முடிவு வெளிவந்தது. அழுத்தத்தின் கீழ் எண் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களில், மருந்தற்ற மாத்திரை பெற்ற 70 பேரிடையே 27 கடும் பாதிப்புகள் நேர்ந்தன. மருந்து பெற்ற 73 பேரிடையே நேர்ந்தவை இரண்டே.

கீழ் எண் 90 முதல் 114 வரை இருந்த 380 ஆண்களின் முடிவு 1970இல் வந்தது. மருந்தற்ற பிரிவில் 56 பேருக்கும், மருந்து பெற்றோரில் 22 பேருக்கும் பாதிப்பு ஏற்பட்டது. பக்கவாதமும் இதயச் செயலிழப்பும் வெகுவாகக் குறைந்தன. அறிகுறி எதுவும் தெரியாத நாள்களிலும் மருந்து காக்கிறது என்பதற்கு இதுவே சான்று. இவ்விரு ஆய்விலும் பெண்கள் இல்லை. பெண்களுக்கும் மருந்து பயன் தரும் என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

“மேலும் மருந்து” என்பதே விடையன்று

சர்க்கரை நோயுள்ள 1,791 முன்னாள் படைவீரர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2009இல் வெளியானது. சர்க்கரையை மிகக் கடுமையாகக் குறைத்ததால் மாரடைப்பு போன்ற பெரும் பாதிப்புகள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை; தாழ்சர்க்கரையோ மிகுந்தது. ஆகவேதான் முதியோருக்கான சர்க்கரை இலக்கை ஒவ்வொருவரின் நிலைக்கேற்ப வகுக்கிறோம்.

நாள்பட்ட முதுகுவலி, இடுப்பு மற்றும் முழங்கால் மூட்டுத் தேய்மான வலி உள்ள 240 பேரிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில், ஓபியாய்டு மருந்துகள் அன்றாடச் செயல்திறனை மற்ற வலி மருந்துகளைவிட மேம்படுத்தவில்லை. பக்கவிளைவுகளே கூடுதலாக இருந்தன.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியவை

• உடல் நலமாகத் தோன்றினாலும் அழுத்த மாத்திரையைத் தாங்களாக நிறுத்தாதீர்கள். பக்கவிளைவு இருப்பின் எங்களிடம் கூறுங்கள். மாற்று மருந்துகள் உண்டு.

• மருத்துவரைக் காண வரும்போது எல்லா மாத்திரைகளையும் எடுத்துவாருங்கள். தவறவிட்ட நாள்களை மறைக்க வேண்டாம், யாரும் கடிந்துகொள்ளமாட்டோம்.

• சர்க்கரை நோயுள்ள பெரியவருக்கு வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தோன்றினால் தாழ்சர்க்கரையாக இருக்கலாம். விழிப்புடன் இருந்தால் உடனே சர்க்கரை கலந்த நீர் கொடுங்கள். நினைவிழந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

• ஓபியாய்டு மருந்தை நெடுநாள் உட்கொள்பவர் அதைத் திடீரென நிறுத்தலாகாது. மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

அன்றைய ஆய்வுகளில் சேர்ந்தவர்களால்தான், உங்கள் கேள்விக்கு இன்று எங்களால் உறுதியாக விடை கூற முடிகிறது.