நாய்க்குக் கட்டிலில் இடம் தரலாமா?

தடுப்பூசி போட்டு முடிந்து, பணம் செலுத்தி, நாயின் கழுத்துப்பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு புறப்படும் வேளையில்தான் பலரும் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள்: 'டாக்டர், ராத்திரியில் இது எங்களோடு கட்டிலில்தான் படுக்கிறது. பரவாயில்லையா?' கேட்பவரின் குரலில் சிறு தயக்கம் இருக்கும். உடன் வந்திருக்கும் கணவரோ மாமியாரோ, என் பதில் தங்கள் பக்கம் சாயுமா என்று காத்திருப்பார்கள். கால்நடை மருத்துவனாக நான் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்விகளுள் இதுவும் ஒன்று. 'படுக்கட்டும்' என்றோ 'கூடவே கூடாது' என்றோ ஒற்றைச் சொல்லில் இதற்குப் பதில் கூறிவிட முடியாது. உடல்நலம், தூக்கம், நாயின் இயல்பு, குடும்பத்தின் எதிர்காலம் என நான்கு விஷயங்கள் இதில் பின்னிக் கிடக்கின்றன.

நம் தாத்தாக்களுக்கு இப்படியொரு கேள்வி எழுந்ததில்லை. நாயை அவர்கள் மதிக்கவில்லை என்று இதற்குப் பொருளில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் கிடைத்த, முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல்லில், கால்நடைகளைக் காக்கும் பூசலில் உயிர்நீத்த வீரனோடு அவனுக்குத் துணைநின்ற நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. 'கோவிவன்' என்ற அதன் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. பெயர் சொல்லிக் கல்லெடுக்கும் அளவுக்கு நாயைப் போற்றிய மண் இது. ஆயினும், ராஜபாளையமும் கோம்பையும் காவலுக்கு நின்றன; சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டைக்குப் போயின. இரவில் அவற்றுக்கான இடம் திண்ணையிலும் தொழுவத்திலும் தோட்டத்திலும் இருந்தது. இன்றைய அடுக்குமாடிக் குடியிருப்பில் திண்ணையும் இல்லை, கொல்லைப்புறமும் இல்லை. கதவைச் சாத்திவிட்டால், நாய்க்கு எஞ்சுவது கூடம், பால்கனி, படுக்கையறை ஆகிய மூன்றுதான். கட்டில் பற்றிய கேள்வி அங்கிருந்தே பிறக்கிறது.

பெரும்பாலோரின் முதல் அச்சம் நோய் பற்றியது. இதில் வெறிநாய்க்கடி நோயான ரேபிஸை முதலில் எடுத்துக்கொள்வோம். கடி, நகக்கீறல், புண்ணுள்ள தோலை நக்குதல் ஆகியவற்றின் வழியே எச்சில் மூலம் பரவும் இந்நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால், ஏறத்தாழ மீட்சியே இல்லை. தடுப்பூசி போடப்படாத நாய் கூடத்தில் படுத்தாலும் ஆபத்துதான், கட்டிலில் படுத்தாலும் ஆபத்துதான். ஆகவே, எங்கே படுக்கலாம் என்று கேட்பதற்கு முன், குட்டிக்கு 3 மாத வயதில் ரேபிஸ் தடுப்பூசி போடப்பட்டதா, ஆண்டுதோறும் அது தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது உண்ணி. நம் தட்பவெப்பத்தில் நாய்களைப் பற்றும் பழுப்பு உண்ணி ஆண்டு முழுவதும் பெருகக்கூடியது. வயிறு நிறைந்த பெண் உண்ணி நாயின் உடலிலிருந்து இறங்கி, சுவர் இடுக்குகளிலும் கட்டிலின் பொருத்துகளிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சில வகை உண்ணிக் காய்ச்சல்களை மனிதருக்குக் கடத்தும் ஆற்றலும் அதற்கு உண்டு. பூஞ்சையால் வரும் படர்தாமரையோ நேரடித் தொடுகையால் பரவுவது. ஒரே தலையணையைப் பகிர்ந்துகொள்வோருக்கு அது எளிதில் வந்து சேரும். குடற்புழுக்களின் கதை சற்று வேறு. நாயின் உருண்டைப்புழு முட்டைகள் மலத்தோடு வெளியேறிய உடனே தொற்றை உண்டாக்குவதில்லை. மண்ணில் சில வாரங்கள் முதிர்ந்த பிறகே அந்தத் திறனைப் பெறுகின்றன. எனவே, கட்டிலைவிட, மண்ணில் விளையாடிவிட்டுக் கை கழுவாமல் உண்ணும் குழந்தைகளைப் பற்றியே நான் அதிகம் கவலைப்படுவேன்.

கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புரூனோ ஷோமெலும் சக ஆய்வாளர் ஒருவரும் படுக்கையறை வழியே பரவும் விலங்குவழி நோய்கள் குறித்து 2011-இல் ஒரு தொகுப்புக் கட்டுரை வெளியிட்டார்கள். இத்தகைய தொற்றுகள் அரிதானவை, எனினும் நிகழக்கூடியவை என்பதே அதன் சாரம். என் அனுபவமும் அதற்கு மாறானதன்று. முறையாகத் தடுப்பூசி போட்டு, குடற்புழு நீக்க மருந்தும் உண்ணி மருந்தும் கொடுத்து வளர்க்கப்படும் நாயிடமிருந்து, நல்ல உடல்நலமுள்ள பெரியவருக்கு நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு.

ஆனால், எல்லா வீட்டிலும் எல்லோரும் நல்ல உடல்நலத்தோடு இருப்பதில்லை. நாய் கட்டிலில் ஏறவே கூடாத வீடுகள் உண்டு. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை படுக்கும் இடத்தில் எந்த வளர்ப்பு விலங்குக்கும் இடமில்லை. அங்கே நோயைவிட மூச்சுத்திணறலே பெரிய ஆபத்து. ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் உள்ளவர்களுக்கு நாயின் எச்சிலிலும் தோல் துகளிலும் உள்ள புரதங்களே பகை. அவை மெத்தையில் படிந்து தங்கிவிடும். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்போர், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோர், மண்ணீரல் அகற்றப்பட்டோர் ஆகியோருக்கு, நாயின் வாயில் இயல்பாக வாழும் பாக்டீரியாக்களே உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

நம் ஊரில் அதிகம் பேசப்படாத இன்னொரு பிரிவினரும் இருக்கிறார்கள்: நீண்டகால நீரிழிவால் பாதத்தில் உணர்விழந்தவர்கள். உறக்கத்தில் நாய் பாதப்புண்ணை நக்கினாலும் கடித்தாலும் அவர்களுக்குத் தெரியாது. காலைக் காக்க மருத்துவரிடம் நடையாய் நடக்கும் ஒருவர், இரவில் அந்தக் காலை நாயின் வாய்க்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு உறங்கக் கூடாது.

நாய் வளர்ப்பதையே குறை சொல்ல இவற்றை யாரும் பயன்படுத்த வேண்டியதில்லை. பிறந்த முதல் ஆண்டில் நாயுள்ள வீட்டில் வளர்ந்த குழந்தைகளுக்குப் பள்ளி வயதில் ஆஸ்துமா வரும் வாய்ப்பு 13 விழுக்காடு குறைவாக இருந்ததாக, ஸ்வீடனில் பெருந்திரளான குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. வீட்டில் நாய் இருப்பது வேறு, குழந்தையின் படுக்கையில் நாய் இருப்பது வேறு.

இனி தூக்கத்துக்கு வருவோம். மனிதர் இரவை ஒரே நீண்ட உறக்கமாகக் கழிக்க விரும்புபவர். நாயின் உறக்கமோ துண்டு துண்டானது. சராசரியாக 16 நிமிடம் உறங்கி, 5 நிமிடம் விழித்திருந்து, மீண்டும் உறங்குவது அதன் வழக்கம் என்று கண்காணிப்பு ஆய்வுகள் கூறுகின்றன. லிஃப்ட் ஒலிக்கும் மாடிப்படிக் காலடிக்கும் அது காதை நிமிர்த்தும்.

இந்த இருவகை உறக்கமும் ஓர் அறையில் எப்படி இணைந்து போகின்றன என்பதை அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் அளந்தார்கள். 2017-இல் வெளியான அந்த ஆய்வில், தூக்கக் கோளாறு இல்லாத 40 பேரும் அவர்களுடைய நாய்களும் 7 இரவுகள் அசைவுமானி அணிந்து உறங்கினார்கள். படுக்கையில் கழிந்த நேரத்தில் உண்மையான உறக்கத்தின் பங்கு, நாய் அறையில் மட்டும் இருந்தபோது 83 விழுக்காடாகவும், கட்டிலில் இருந்தபோது 80 விழுக்காடாகவும் இருந்தது. 8 மணி நேர இரவில் இது ஏறத்தாழ கால் மணி நேரம். ஆய்வு சிறியது, இழப்பும் பெரிதன்று. ஆனால், இதன் மறுபக்கம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: நாய் அதே அறையில் இருப்பதால் மட்டும் உறக்கம் பெரிதாகக் கெட்டுவிடவில்லை.

உறக்கத்தை எண்ணால் மட்டும் அளக்கவும் இயலாது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியே வாழும் முதியவர்கள் பலர் என்னிடம் வருகிறார்கள். இரவில் பக்கத்தில் ஓர் உயிர் மூச்சு விடுவது கேட்டால்தான் அவர்களுக்குக் கண் அயர்கிறது. கால் மணி நேரக் கணக்கை அவர்களிடம் நீட்டுவது இரக்கமற்ற செயல். உடல்நலக் காரணம் ஏதும் தடுக்காவிட்டால், தாராளமாகப் படுக்கட்டும் என்றே அவர்களிடம் சொல்கிறேன்.

'கட்டிலில் ஏற்றினால் அது வீட்டுக்குத் தன்னைத் தலைவனாக நினைத்துக்கொள்ளும்' என்று எச்சரிப்போரும் உண்டு. இந்தக் கருத்தின் வேர், ருடால்ஃப் ஷெங்கல் 1947-இல் வெளியிட்ட, அடைத்துவைக்கப்பட்ட ஓநாய்கள் பற்றிய ஆய்வில் இருக்கிறது. அதைப் பின்னாளில் பரவலாக்கிய நூலொன்றை எழுதிய டேவிட் மெக் என்ற அமெரிக்க ஓநாய் ஆய்வாளரே, காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் அடங்கிய குடும்பமே என்று 1999-இல் எழுதி, அந்தத் தலைமைக் கோட்பாட்டைத் திருத்தினார். மெத்தையில் படுத்த நாய் அதிகாரக் கனவு காண்பதில்லை. மெத்தை மென்மையாக இருக்கிறது, அதில் உங்கள் மணம் இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால், கட்டிலுக்கு வரும் கணவரையோ குழந்தையையோ பார்த்து அது உறுமினால், தன் இடத்தை அது காக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அன்றே அதைக் கட்டிலில் ஏற்றுவதை நிறுத்தி, பயிற்சியாளரின் உதவியை நாட வேண்டும்.

நாயின் வசதியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அதன் உடல் வெப்பம் இயல்பிலேயே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். சித்திரை, வைகாசி இரவுகளில் அது தானே இறங்கிப்போய்க் குளிர்ந்த தரையில் கால்நீட்டிப் படுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீண்ட முதுகும் குட்டைக் கால்களும் கொண்ட டாஷண்ட் போன்ற நாய்கள் நாள்தோறும் கட்டிலிலிருந்து குதிப்பது முதுகுத்தண்டுக்கு நல்லதன்று. கண்ணும் காதும் மங்கிய கிழ நாயின் மீது உறக்கத்தில் நாம் புரண்டால், அது திடுக்கிட்டுக் கடித்துவிடவும் கூடும்.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது இன்னொன்று. 2 மாதக் குட்டியைக் கையில் ஏந்தி வரும் குடும்பம், அதைத் தலையணையில் போட்டுத் தாலாட்டுகிறது. ஆண்டுகள் சில கழிகின்றன. திருமணம், மகப்பேறு, பணியிட மாற்றம் என ஏதோ ஒன்று வருகிறது. ஓர் இரவில் படுக்கையறைக் கதவு அதன் முகத்துக்கு நேரே சாத்தப்பட்டு, நாய் பால்கனிக்குப் போகிறது. ஏன் என்று அதற்குத் தெரியாது. கதவைப் பிறாண்டுகிறது, விடிய விடிய ஊளையிடுகிறது. அண்டை வீட்டார் புகார் செய்கிறார்கள். 'யாராவது எடுத்துக்கொள்வார்களா டாக்டர்?' என்று எனக்குத் தொலைபேசி வருகிறது. எடுக்க ஆளில்லாத நாய்களுள் சில தெருவில் இறக்கிவிடப்படுகின்றன. தெருவில் பிறந்த நாய்க்காவது அங்கே பிழைக்கத் தெரியும்; மெத்தையில் வளர்ந்த நாய்க்கு வண்டிக்கு ஒதுங்கக்கூடத் தெரியாது.

ஆகவே, பெரும்பாலான குடும்பங்களுக்கு நான் சொல்வது இதுதான்: படுக்கையறையில் இடம் கொடுங்கள், கட்டிலில் வேண்டாம். கட்டிலை ஒட்டித் தரையில் நாய்க்கென்று தனிப் படுக்கை போடுங்கள். உங்கள் மூச்சும் மணமும் அதற்கு எட்டும் தொலைவில் அது இருக்கட்டும். குட்டி வீட்டுக்கு வரும் முதல் இரவிலேயே இதைத் தொடங்குங்கள். அது முனகினால் கையை நீட்டித் தொட்டாலே போதும். உறங்கும் முன் வெளியே அழைத்துப் போய்ச் சிறுநீர் கழிக்க வையுங்கள். தாத்தா தூக்கிக் கட்டிலில் வைப்பார், அம்மா இறக்கி விடுவார் என்றால் அது எதையும் கற்றுக்கொள்ளாது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே விதி வேண்டும்.

ஏற்கெனவே கட்டிலில் படுத்துப் பழகிய நாயை ஒரே இரவில் விரட்டாதீர்கள். உங்கள் பழைய போர்வையைத் தரையில் விரித்து, அங்கே படுக்கும்போதெல்லாம் பாராட்டி, சில வாரங்களில் மெல்ல மாற்றுங்கள். வீட்டுக்குக் குழந்தை வரப்போகிறது என்றால், பல மாதங்களுக்கு முன்பே இந்த மாற்றத்தை முடித்துவிடுங்கள். தொட்டில் வந்த அன்று தன் இடம் பறிபோனதாக நாய் உணரக் கூடாது.

எல்லாம் எண்ணிப் பார்த்த பிறகும் கட்டிலிலேயே படுக்கட்டும் என்று முடிவு செய்வோரும் இருப்பார்கள். தடுப்பூசியும், 3 மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்தும், உண்ணிக் கட்டுப்பாடும், வாராவாரம் வெந்நீரில் துவைத்த விரிப்பும் இருக்கும் வீட்டில் அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். நாயின் ஆயுள் 10 முதல் 15 ஆண்டுகள். குட்டியை முதன்முதலாகத் தூக்கி மெத்தையில் வைக்கும் முன், அதற்குக் காது மங்கி, உடல் நாறி, சிறுநீர் கட்டுப்படாத காலத்திலும் இதே இடத்தை நம்மால் தர முடியுமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். முடியாதென்று தோன்றினால், முதல் இரவே தரையில் ஒரு நல்ல படுக்கையை விரித்துவிடுங்கள்.