பழைய கணினியைத் திறக்க மறுக்கும் புதிய கணினி: கோப்புப் பகிர்வில் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

புதுடெல்லி: வீட்டிற்குப் புதிய கணினி வாங்கியதும், பழைய கணினியில் உள்ள குடும்பப் புகைப்படங்களையும் கணக்கு வழக்குகளையும் அதற்கு மாற்றவே பலரும் முதலில் முயல்கின்றனர். ஆனால், இரண்டும் ஒரே வைஃபையில் இணைந்திருந்தாலும், பழைய கணினியின் பெயர் புதியதில் தெரிவதில்லை, தெரிந்தாலும் திறப்பதில்லை. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடித்துக்கொண்ட நிலையில், புதிய கணினிக்கு மாறுவோர் இச்சிக்கலை எதிர்கொள்ள நேரிடுகிறது.

இதற்குப் பரவலாகக் கூறப்படும் தீர்வு, 'எஸ்எம்பி1' என்ற பழைய வசதியை மீண்டும் இயக்குவதாகும். பெரும்பாலான வீடுகளுக்கு இது தேவையே இல்லை என்பதோடு, ஆபத்தானதும் ஆகும்.

எஸ்எம்பி என்றால் என்ன?

ஒரு நெட்வொர்க்கில் உள்ள கணினிகள் கோப்புகளையும் பிரிண்டரையும் பகிர்ந்துகொள்ளப் பயன்படுத்தும் தகவல் தொடர்பு விதிமுறையே எஸ்எம்பி. 2001-இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி, இதன் முதல் பதிப்பை மட்டுமே அறியும். விண்டோஸ் விஸ்டாவுடன் இரண்டாம் பதிப்பும், விண்டோஸ் 8 உடன் மூன்றாம் பதிப்பும் அறிமுகமாயின.

முதல் பதிப்பின் பலவீனம் 2017-இல் உலகுக்குத் தெரியவந்தது. அதிலிருந்த ஒரு குறையைச் சரிசெய்யும் மென்பொருள் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் மாதம் வெளியிட்டது. அதை நிறுவாமல் விட்ட கணினிகளை மே 12 அன்று 'வான்னாக்ரை' என்ற பிணைத்தொகை வைரஸ் தாக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட அந்த வைரஸ், சில நாட்களில் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளுக்குப் பரவியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சிகிச்சைகள் தடைபட்டன. இந்தியாவில் ஆந்திரப் பிரதேச காவல்துறையின் சில கணினிகளும் பாதிக்கப்பட்டன.

ஒரு கணினியில் நுழைந்த வைரஸ், யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே அதே நெட்வொர்க்கில் உள்ள மற்ற கணினிகளுக்குத் தாவியதே இதன் தனித்தன்மை. இதன் பின்னர், 2017 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவப்படும் கணினிகளில் எஸ்எம்பி1 இயல்பாக இடம்பெறுவதில்லை. எனவே, எக்ஸ்பி கணினியை இன்றைய கணினி ஏற்க மறுப்பது பழுதல்ல; வேண்டுமென்றே போடப்பட்ட பூட்டு.

படிப்படியாகச் சரிபார்ப்பது எப்படி?

பழைய கணினியில் விண்டோஸ் 7 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால், அதற்கு எஸ்எம்பி இரண்டாம் பதிப்பு தெரியும். சிக்கல் வேறெங்கோ இருக்கிறது என்று பொருள். கீழ்க்காணும் வரிசையில் அதைத் தேடலாம்.

1. ஒரே நெட்வொர்க்கா? ரவுட்டரின் விருந்தினர் வைஃபையில் ஒரு கணினி இணைந்திருந்தால், பெரும்பாலும் மற்றதை அணுக முடியாது. இரண்டையும் முதன்மை வைஃபையில் இணைக்க வேண்டும்.

2. நெட்வொர்க் வகை என்ன? புதிய கணினியின் நெட்வொர்க் அமைப்பில் 'பப்ளிக்' என்று இருந்தால், அதைப் 'பிரைவேட்' என மாற்ற வேண்டும். விண்டோஸ் 7-இல் இதற்கு 'ஹோம்' அல்லது 'வொர்க்' என்று பெயர். பின்னர், நெட்வொர்க் டிஸ்கவரி மற்றும் கோப்புப் பகிர்வு வசதிகள் இரண்டு கணினிகளிலும் இயக்கத்தில் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும்.

3. பெயர் தெரியவில்லையா? பழைய கணினியின் ஐபி முகவரி 192.168.1.5 என்றால், புதிய கணினியின் 'ரன்' பெட்டியில் \\192.168.1.5 எனத் தட்டச்சு செய்து பார்க்கலாம். கோப்புறைகள் திறந்தால், பகிர்வு சரியாகவே இயங்குகிறது; பெயரைக் காட்டும் வசதியில் மட்டுமே குறை உள்ளது.

4. கடவுச்சொல் உள்ளதா? கடவுச்சொல் இல்லாத கணக்கின் மூலம் நெட்வொர்க் வழியாக நுழைய விண்டோஸ் இயல்பாக அனுமதிப்பதில்லை. திரையைத் திறக்கும் பின் எண்ணும் இதற்குச் செல்லாது. பழைய கணினியில் கடவுச்சொல்லுடன் ஒரு பயனர் கணக்கை உருவாக்கி, அந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் புதிய கணினியில் உள்ளிட வேண்டும்.

நான்காவது படி இப்போது கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. 2024-இல் வெளியான விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில், 'ப்ரோ' வகைக் கணினிகள் கடவுச்சொல் கேட்காத விருந்தினர் இணைப்புகளை இயல்பாக நிராகரிக்கின்றன. நேற்று வரை திறந்த கோப்புறை, அப்டேட்டுக்குப் பிறகு திறக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். பாதுகாப்பைத் தளர்த்துவதைவிட, கடவுச்சொல் அமைப்பதே சரியான வழி.

எக்ஸ்பி கணினி என்றால்?

விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியே முடிந்துவிட்டது. அத்தகைய கணினியிலிருந்து கோப்புகளை எடுக்க நெட்வொர்க்கைத் தவிர்ப்பதே நல்லது. பென் டிரைவ் போதுமானது. ஆனால், 'ஃபேட்32' முறையில் ஃபார்மட் செய்யப்பட்ட பென் டிரைவில் 4 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட அளவுள்ள ஒற்றைக் கோப்பு ஏறாது. நீண்ட காணொளிகளை நகலெடுக்க அதை 'என்டிஎஃப்எஸ்' முறைக்கு மாற்ற வேண்டும். எக்ஸ்பி இயங்கவே இல்லையென்றால், அதன் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி யுஎஸ்பி அடாப்டர் மூலம் புதிய கணினியில் இணைக்கலாம். எந்த வழியானாலும், கோப்புகளைத் திறக்கும் முன் வைரஸ் சோதனை அவசியம்.

வேறு வழியே இல்லாமல் எஸ்எம்பி1-ஐ இயக்க நேர்ந்தால், புதிய கணினியில் அதன் 'கிளையண்ட்' பகுதியை மட்டும் தேர்வு செய்ய வேண்டும். நகலெடுத்து முடியும் வரை இணைய இணைப்பைத் துண்டித்து வைத்து, பணி முடிந்தவுடன் அதை நீக்கிவிட வேண்டும்.

நகலெடுத்த பின், புதிய கணினியில் சில கோப்புகளையாவது திறந்து பார்த்து, மொத்தக் கோப்புகளின் எண்ணிக்கையையும் அளவையும் ஒப்பிட வேண்டும். அதுவரை பழைய கணினியை ஃபார்மட் செய்வதோ, விற்பதோ கூடாது. புகைப்படங்களின் மற்றொரு நகலைத் தனி ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்தால், புதிய கணினி பழுதானாலும் அவை பத்திரமாக இருக்கும்.