கொஷியென் மண்

நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, யப்பானியருக்குப் பேஸ்போல் அப்படி. உயர்நிலைப் பாடசாலைகளுக்கான அவர்களது கோடைகாலத் தொடர் 1915இல் ஆரம்பமானது. 1924 முதல் கொஷியென் மைதானத்தில் நடைபெறுகிறது. இன்று, பிராந்தியப் போட்டிகளில் வென்ற 49 அணிகள் அங்கு மோதுகின்றன. ஒரு தடவை தோற்றால் ஊர் திரும்ப வேண்டியதுதான். தோற்ற மாணவர்கள் மைதானத்து மண்ணைப் பையில் அள்ளிச் செல்வது வழக்கம்.

இத்தொடரில் என் மனத்தைத் தொட்டது 1958இல் தோற்ற ஓர் அணி. ஒக்கினாவாத் தீவிலிருந்து முதன்முதலாகச் சென்ற ஷுரி பாடசாலை அணி அது. அத்தீவு அப்போது அமெரிக்க ஆட்சியில் இருந்தது. வெளியிடத்து மண்ணால் பயிர்களுக்கு நோய் வரலாமென்ற சட்டத்தால், மாணவர்கள் கொண்டுவந்த மண் துறைமுகத்திலேயே பறித்துக் கொட்டப்பட்டது.

செய்தியறிந்த யப்பானிய விமானப் பணிப்பெண்கள் கொஷியென் கூழாங்கற்களைச் சேகரித்து அனுப்பிவைத்தார்கள். கல்லுக்குத் தடையில்லையே! அக்கற்கள் பாடசாலையின் நினைவுச் சின்னத்தில் பதிக்கப்பட்டன.

2021இல் மாணவியரின் தேசிய இறுதிப்போட்டியும் கொஷியெனில் முதன்முறையாக நடந்தது.

வெல்லும் பிள்ளைக்குக் கிண்ணம் கிடைக்கும். தோற்று வரும் பிள்ளையின் கையில் நாம் எதைக் கொடுக்கிறோம்? பெற்றோரிடம் இதைக் கேட்க விரும்புகிறேன்.