முப்பத்தைந்து பாத்திரங்களின் கணக்கு

சீனத்துப் பழம்பொருள் என்றதும் சேகரிப்பாளரின் மனம் ஜேட் கல்லில் குடைந்த தூபக்காலுக்கும் பூச்சாடிக்கும்தான் ஓடும். கொழும்பில் நல்ல ஜேட் பாத்திரம் கண்ணில் படுவது அரிது. ஆனால் சீன அரசவை ஒரு கோயிலுக்கு அனுப்பிய பாத்திரங்களின் உருப்படிக் கணக்கு இங்கே கல்லிலேயே இருக்கிறது. அந்தக் கல் இருக்கும் கொழும்பு 7 தேசிய நூதனசாலைக்கு வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான்.

கல்லின் உயரம் சுமார் 145 சென்ரிமீற்றர், அகலம் 76, தடிப்பு 12.7. சீனத்தில் வெட்டப்பட்டது, அதிலுள்ள திகதி 1409 பெப்ரவரி 15. மிங் அரசவையின் கடற்படைத் தளபதி செங் ஹேயின் கப்பல்கள் கொண்டுவந்தன. மொழி மூன்று, வணக்கமும் மூன்று: சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தென்னாவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் இஸ்லாமிய முறையில். 1911இல் காலியில் ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் குப்புறக் கிடந்தபோதுதான் கண்டெடுத்தார்கள்.

சீனப் பகுதியில் பொன் 1,000 சியன், வெள்ளி 5,000 சியன். ஒரு சியன் 3.73 கிராம் அளவில் வரும். ஆக, பொன் 3.7 கிலோ, செட்டியார் தெருக் கணக்கில் 465 பவுணுக்கு மேல். வெள்ளி 18.6 கிலோ. பட்டு 100 சுருள். நறுமண எண்ணெய் 2,500 கட்டி என்னும் சீன நிறை, அதாவது ஒன்றரை தொன்னுக்குச் சற்றுக் குறைவு. விளக்கொன்றுக்கு நாளுக்கு 100 கிராம் என்று வைத்தால், பட்டியலிலுள்ள 5 விளக்குகளும் எட்டு வருடம் எரிந்திருக்கும்.

இனிப் பாத்திரங்கள். வெண்கலத் தூபக்கால் 5, பூச்சாடி 5 சோடி, பித்தளை மெழுகுதிரித் தண்டு 5 சோடி, விளக்கு 5, சிவப்பு அரக்குப் பூசிப் பொன்கோடு இழைத்த வாசனைச் செப்பு 5. கூட்டினால் 35. ஒரு தூபக்கால், இரண்டு சாடி, இரண்டு தண்டு என்பதே சீனப் பூசைப்பீடத்தின் ஐந்துருப்படித் தொகுதி. ஆகவே வந்தது சரியாக ஐந்து முழுத் தொகுதி. மெழுகுதிரி 10 சோடி என்பதால், தண்டொன்றுக்கு இரண்டு. கணக்குப்பிள்ளை கெட்டிக்காரர்.

பட்டியலில் ஜேட் ஒன்றுமில்லை. அதே வெண்கல வடிவங்களைப் பின்னாளில் ஜேட்டில் ஏராளமாகக் குடைந்தார்கள். அதற்கான கல் பெருமளவில் வரத் தொடங்கியது, சியன்லோங் பேரரசர் 1759இல் கோத்தான் பக்கத்தைப் பிடித்த பிறகுதான். செலவு கல்லோடு நிற்பதில்லை. 10×10×15 சென்ரிமீற்றர் கட்டி சுமார் நாலரைக் கிலோ. ஒரு சென்ரிமீற்றர் சுவர் விட்டு உள்ளே குடைந்தால் மிஞ்சுவது 1.8 கிலோ, நூற்றுக்கு அறுபது தூளாகப் போகிறது. அதையும் உளியால் வெட்ட முடியாது. மோஸ் கடினத்தன்மை அளவில் நெஃப்ரைட் வகை ஜேட் 6 முதல் 6.5 வரை, கத்தி 5.5. கடினமான மணலை நீரில் குழைத்துச் சக்கரத்தில் தேய்த்துத் தேய்த்தே எடுக்க வேண்டும். பீஜிங் அரண்மனையிலுள்ள மாமன்னர் யூ மலைச் சிற்பம் ஏறத்தாழ 5 தொன், 224 சென்ரிமீற்றர். கல்லைக் கொண்டுவர மூன்று வருடம், செதுக்க ஆறு வருடம், 1787இல் முடிந்தது. சேகரிப்பாளர் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு இந்தக் கைக்கூலிக்கே என்று நினைக்கிறேன்.

மீதி, பொருள் யார் யார் கைமாறி வந்தது என்ற பத்திரத்துக்கு. கல்லில் பெயருள்ள தென்னாவரை நாயனாரின் கோயிலை 1588இல் போர்த்துக்கேயர் அழித்தார்கள். 35 பாத்திரத்துக்கும் எண்ணிக்கை, செய்பொருள், திகதி எல்லாம் எழுத்தில் உண்டு, பொருள் இல்லை. ஏலத்துக்கு வரும் ஜேட்டுக்கோ பெரும்பாலும் பொருள் இருக்கும், எழுத்து இருக்காது.

கொழும்பில் யாராவது ஜேட் என்று நீட்டினால், கத்திமுனை கீறுகிறதா என்று பாருங்கள். கீறினால் அது பெரும்பாலும் செர்பென்டைன் போன்ற மென்மையான கல். கடைக்காரர் கத்தி வைக்க விடமாட்டார், அது வேறு கதை. வாங்கியதை வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு அனுப்ப நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 50 ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பொருளுக்கு ஏற்றுமதி அனுமதிப்பத்திரம் கட்டாயம்.