பழுத்தாலும் ஃபேர்வேதான்

கோல்ஃபில் முதல் அடி அடிக்கும் டீ மேடைக்கும் குழி இருக்கும் கிரீனுக்கும் நடுவே, புல்லை வெட்டிச் சீராக்கிய நீண்ட நிலம்தான் ஃபேர்வே. அது எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், மாஸ்டர்ஸ் போட்டியின்போது தொலைக்காட்சியில் பார்த்த அகஸ்டா மைதானத்தின் பச்சையைத்தான் பலரும் சொல்வார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரருக்கு வேண்டியது சற்றே உயரமான புல், உலர்ந்து இறுகிய தரை, தாராளமான அகலம். பெரிய போட்டிகளில் புல்லை 10 முதல் 12 மி.மீ. வரை ஒட்ட வெட்டுவார்கள். தேர்ந்தவருக்கு அது வசதி, பந்தைச் சுழலவிடலாம். பழகாத கையில் மட்டை முதலில் மண்ணைக் கொத்தும், இல்லாவிட்டால் பந்தின் தலையைத் தட்டும். 15 மி.மீ.க்கு மேல் விட்டால் புல்லே பந்தை ஏந்திக்கொள்ளும். கொஞ்சம் பிசகினாலும் பந்து எழும். புல்லுக்கும் இதுதான் நல்லது. இலை குறைந்தால் வேர் ஆழம் போகாது. அப்புறம் அடிக்கடி தண்ணீர், ஈரத்தால் பூஞ்சை, பூஞ்சைக்கு மருந்து. அத்தனை செலவும் கடைசியில் ஆடுபவர் கட்டணத்தில்தான் ஏறும்.

தண்ணீரைக் குறைத்துப் பச்சை குறைந்தால் மைதானம் செத்தது போலிருக்கும் என்பார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் பைன்ஹர்ஸ்ட் 2-ஆம் எண் மைதானத்தை 2010-11இல் பில் கூரும் பென் கிரென்ஷாவும் சீரமைத்தபோது, சுமார் 1,150 தெளிப்பான்களை 450 ஆகக் குறைத்தார்கள். நடுப்பகுதிக்குத்தான் தண்ணீர், ஓரங்கள் தானாகப் பழுத்தன. 2014இல் அங்கே ஆண்கள், பெண்கள் யு.எஸ். ஓப்பன் இரண்டும் அடுத்தடுத்த வாரங்களில் நடந்தன. பழுப்பைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் அந்தப் புல் நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லின் கலப்பினம். காய்ந்தால் மேலே நிறம் மாறுமே தவிர, மண்ணுக்குள் ஓடும் தண்டு உயிரோடுதான் இருக்கும். இறுகிய தரையில் பந்து உருளும். தூரமாக அடிக்க முடியாதவருக்கு அந்த உருட்டல் பெரிய உதவி, பந்தைக் காற்றிலேயே பறக்கவிடுபவருக்கு அது அவ்வளவாகத் தேவையில்லை.

உருளும் பந்து ஓரத்து உயரப் புல்லுக்குள் போய்விடாதா என்பது நியாயமான கேள்வி. அதனால்தான் அகலம் கேட்கிறேன். குறுகிய ஃபேர்வேயில் இறுகிய தரை தண்டனையாகிவிடும். பைன்ஹர்ஸ்டிலும் அகலத்தைக் கூட்டித்தான் தண்ணீரைக் குறைத்தார்கள். இன்னொன்று, அங்கே மண் மணற்பாங்கு, தண்ணீர் தங்காது. களிமண் நிலத்தில் குழாயை மூடினால் மட்டும் போதாது. ஆண்டுதோறும் தரையில் துளையிட்டுக் காற்றோட்டம் தந்து, மேலே மணல் தூவிவர வேண்டும். பலன் தெரியச் சில ஆண்டுகள் ஆகும். துளையிட்ட வாரங்களில் ஆட வருபவர்களின் முணுமுணுப்பையும் நிர்வாகம் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.