பதறாதே, வேலையைப் பார்!

சுவரில் ஒரு வாசகத்தை மாட்டினால் மனத்தில் தைரியம் பிறக்குமா?

பிறக்கும் என்று நினைத்தது பிரிட்டிஷ் சர்க்கார். 1939ஆம் ஆண்டில் நடந்த சங்கதி இது. ஜெர்மனியுடன் யுத்தம் மூளும் நிலை. ஊர்களின்மேல் குண்டு மழை பொழிந்தால் ஜனங்கள் கதிகலங்கிப் போவார்களே என்று அதிகாரிகள் கவலைப்பட்டார்கள். தைரியம் சொல்ல மூன்று சுவரொட்டிகள் தயாராயின.

"உங்கள் துணிவும் உங்கள் உற்சாகமும் உங்கள் உறுதியும் எங்களுக்கு வெற்றி தேடித் தரும்." இதுதான் முதல் சுவரொட்டியின் கருத்து.

ஜனங்களுக்கு இது பிடிக்கவில்லை. கஷ்டம் நமக்கு, வெற்றி மேலிடத்துக்கா என்று முணுமுணுத்தார்கள். அவர்கள் கேட்டதில் என்ன தவறு?

இரண்டாவது, சுதந்திரத்துக்கு ஆபத்து என்று எச்சரித்தது.

மூன்றாவதுதான் நம் கதாநாயகன். சிவப்புக் காகிதம். உச்சியில் ராஜ கிரீடம். கீழே ஐந்தே ஐந்து வெள்ளைச் சொற்கள். "பதறாதே, வேலையைப் பார்" என்று பொருள்.

கூழாய்ப் போனது

இதை 24 லட்சம் பிரதிகளுக்குமேல் அச்சடித்தார்கள். குண்டு விழுந்த பிறகு ஒட்டலாம் என்று பத்திரமாக வைத்தார்கள். குண்டு உடனே விழவில்லை. காகிதப் பஞ்சம்தான் வந்தது. 1940ஆம் ஆண்டில் பெரும்பாலானவற்றைக் கூழாக்கிவிட்டார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் லண்டன்மீது குண்டுகள் விழத் தொடங்கின. சுவரொட்டி இல்லாமலே ஜனங்கள் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்!

பெட்டிக்கு அடியில்

அறுபது ஆண்டுகள் ஓடின. இங்கிலாந்தின் வடக்கே ஆல்னிக் என்ற சிற்றூர். அங்கே பழைய ரயில் நிலையத்தில் ஒரு பழைய புத்தகக் கடை. அதன் சொந்தக்காரர் ஸ்டூவர்ட் மான்லி, ஏலத்தில் ஒரு பெட்டிப் புத்தகம் வாங்கினார். 2000ஆம் ஆண்டில் அந்தப் பெட்டியின் அடியில் மடித்த காகிதம் ஒன்று அகப்பட்டது. அந்தச் சுவரொட்டிதான்!

அவர் மனைவி மேரி, அதற்குச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார். வந்தவர்கள் எல்லாம் "எனக்கும் ஒன்று வேண்டும்" என்றார்கள். மறு ஆண்டே நகல்கள் விற்பனைக்கு வந்தன.

பிறகு கேட்க வேண்டுமா? தேநீர்க் கோப்பை, தலையணை உறை, சமையலறைத் துண்டு என்று வீடெங்கும் அதே வாசகம். 2008ஆம் ஆண்டில் பணநெருக்கடி வந்தது. வேலை போய்விடுமோ என்று பயந்தவர்களுக்கு, அந்தப் பழைய ஆறுதல் தேவைப்பட்டது. கால்மிதியில்கூட அச்சிட்டார்கள். நாட்டுக்குத் தைரியம் சொல்லப் பிறந்த வாசகம், செருப்பு மண்ணைத் துடைத்தது!

தானாகச் சேர்ந்த சொற்கள்

வாசகத்தின் பின்பாதியை ஆளாளுக்கு மாற்றினார்கள். பதறாதே, டீ குடி. பதறாதே, கடைக்குப் போ. 2011ஆம் ஆண்டில் ஒருவர், ஐரோப்பாவில் அதைத் தம் வியாபாரச் சின்னமாகவே பதிந்துகொண்டார்.

2013ஆம் ஆண்டில் வந்தது வினை. ஒரு கம்பெனி, சொற்களைத் தானாக மாற்றிச் சேர்க்கும்படி கம்ப்யூட்டரிடம் விட்டது. அது பெண்களுக்குக் கொடுமை செய்யத் தூண்டும் வாசகங்களையும் சேர்த்து, சட்டைகளில் போட்டு இணையத்தில் விலை கூறிவிட்டது. ஊரே கொதித்தது. கம்பெனி மன்னிப்புக் கேட்டது. அந்த ஆண்டே மூடப்பட்டது. கோப்பையில் வாசகத்தைக் கண்டவர்களுக்கு அதற்குள் சலித்தும் போயிருந்தது.

இதற்கு முந்தின ஆண்டில், பழம்பொருள்களை மதிப்பிடும் டெலிவிஷன் நிகழ்ச்சிக்கு ஒரு பெண்மணி வந்தார். அவர் தந்தை, யுத்த காலத்தில் எதிரி விமானங்களைக் கண்காணித்த படையில் இருந்தவர். தந்தையிடமிருந்து கிடைத்த அசல் சுவரொட்டிகள் சுமார் 15 அவரிடம் இருந்தன. பல ஆயிரம் பவுன் பெறும் என்றார்கள். கூழாக்கியது போக மிச்சம்!